கூடார அடுப்புக்குப் பெற்றோலா, மண்ணெண்ணெயா? முதலில் நிப்பிளைப் பாருங்கள்

கேள்வி: கனடாவில் இருந்து மாமா கொண்டுவந்த, போத்தலுக்குப் பம் அடித்து எரிக்கிற அடுப்பு ஒன்று இருக்கிறது. நாலு பெடியள் நெடுந்தீவில் ஓர் இரவும் ஹோட்டன் சமவெளியில் இரண்டு இரவும் தங்கப் போகிறோம். பெற்றோல் விடுவதா, மண்ணெண்ணெய் விடுவதா? 95 விட்டால் நல்லதா?

தம்பி, மண்ணெண்ணெய். மலிவு என்பதற்காகச் சொல்லவில்லை. 2022 ஆகஸ்ட்டில் லீற்றர் 87 ரூபாயில் இருந்து 340 ரூபாய்க்கு ஏற்றினார்களே, அதோடு பழைய மலிவு போய்விட்டது. நாலு பெடியள், கடற்காற்று, பக்கத்தில் கூடாரம், பஸ் பயணம் என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

“வெளிநாட்டில் எல்லாரும் வெள்ளை எரிபொருள்தானே விடுகினம், அடுப்போடு வந்த புத்தகத்திலும் அதுதானே முதலில் இருக்கு” என்று கீழே யாராவது எழுதுவார்கள். உண்மைதான். கோல்மன் கம்பனியின் டின்னில் வருகிற அந்த எரிபொருள், பெற்றோலுக்குச் சேர்க்கிற சேர்மானங்கள் இல்லாத நப்தா என்கிற இலேசான எண்ணெய். சுத்தமாக எரியும், குழாயில் அடைசல் வைக்காது. அது கையில் இருந்தால் நானும் அதையே விடச் சொல்வேன். ஆனால் எங்கள் ஊர்ப் பெற்றோல் செட்டில் அது இல்லை. அங்கே கிடைப்பதில் எது என்பதுதான் உங்கள் கேள்வி.

எண்ணெய் வாங்கமுன் நிப்பிளைப் பாருங்கள். சுடர் வருகிற இடத்தின் நடுவில் ஊசிமுனை அளவு துளையோடு இருக்கிற பித்தளைத் துண்டு அது. புத்தகத்தில் ஜெற் என்று இருக்கும். உங்கள் அடுப்பு பிறைமஸ் ஒம்னிஃபியுவல் என்றால் நிப்பிளில் இலக்கம் அடித்திருக்கும்: 45 காஸுக்கு, 37 பெற்றோலுக்கு, 28 மண்ணெண்ணெய்க்கும் டீசலுக்கும். அதாவது துளை 0.45, 0.37, 0.28 மில்லிமீற்றர். எம்.எஸ்.ஆர். விஸ்பர்லைற் இன்ரநஷனல் என்றால் இலக்கத்துக்குப் பதில் எழுத்து: யூ.ஜி. பெற்றோலுக்கு, யூ.கே. மண்ணெண்ணெய்க்கு. ஒரே அளவு ஆவியை எரிக்க, பெற்றோலை விட மண்ணெண்ணெய்க்குக் கூடுதல் காற்று வேண்டும். அதனால்தான் அதன் துளை சின்னது. பெரிய துளையில் மண்ணெண்ணெய் விட்டால் மஞ்சள் சுடரும் கரியும் வரும், சட்டி அடி தார் பூசினது போல் ஆகும். மாறி, சின்னத் துளையில் பெற்றோல் விட்டால் சுடர் மெலியும், வேறு கேடு இல்லை. “மண்ணெண்ணெய் கரி பிடிக்கும்” என்று சொல்பவர்களில் பாதிப்பேர் நிப்பிள் மாற்றாதவர்கள். மற்றப் பாதிப்பேர் சூடாக்காமல் பற்றவைப்பவர்கள்.

இந்தச் சூடாக்கல் யாழ்ப்பாணத்தாருக்குப் புதிது இல்லை. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் மோட்டார் சைக்கிள்கள் எப்படி ஓடின? காபரேற்றருக்குள் சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, இயந்திரம் சூடான பிறகு மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது. 150 பாகைக்கு மேலே போனால்தான் கொதிக்கத் தொடங்கும். அடுப்பின் குழாய்க்கும் அதே நியாயம்தான். குழாய் சுடமுன் திறந்தால் ஆவி வராது, எண்ணெயே பீச்சி அடிக்கும். அதுதான் அந்த ஆளுயரப் பந்தம்.

போத்தலில் கோடு வரைக்கும் மட்டும் எண்ணெய் விடுங்கள். மேலே காற்றுக்கு இடம் வேண்டும். இருபது, முப்பது தரம் பம் அடியுங்கள். பம் கை தடையே இல்லாமல் உள்ளே போனால் தோல் வாஷர் காய்ந்திருக்கிறது; ஒரு சொட்டு எண்ணெய் தடவி விரித்துவிட்டால் சரிவரும். அடுப்பின் கிண்ணத்தில் ஒன்று, ஒன்றரைத் தேக்கரண்டி ஸ்பிரிட் விட்டுப் பற்றவையுங்கள். பகலில் ஸ்பிரிட் சுடர் கண்ணுக்குத் தெரியாது, கையை மேலே கொண்டுபோகாதீர்கள். அது அணையும் தறுவாய்க்கு வரும்போது, அணைந்த பிறகு அல்ல, வால்வைக் கால் சுற்றுத் திறவுங்கள். சுடர் நீலமாகி, ஒரே சீராக இரைந்தால் சரி. மஞ்சளாக எழும்பினால் உடனே பூட்டி, முழுக்க அணையவிட்டு, கிண்ணம் ஆறிய பிறகு மறுபடி சூடாக்குங்கள். சுடச்சுட இருக்கும் கிண்ணத்தில் ஸ்பிரிட் ஊற்றினால் போத்தலோடு கையில் பிடிக்கும். ஸ்பிரிட் இல்லையென்று பெயின்ற் கடைத் தின்னர் வாங்காதீர்கள், அது ஓ-றிங் என்கிற றப்பர் வளையத்தைத் தின்றுவிடும். மண்ணெண்ணெயையே கிண்ணத்தில் விட்டுச் சூடாக்கலாம், ஆனால் அடுப்பு முழுக்கக் கறுக்கும்.

சுடர் விட்டுவிட்டு எரிந்து சடசடத்தால் எண்ணெயில் தண்ணீர். எண்ணெயை ஓர் இரவு அசையாமல் வைத்து, அடி இரண்டு விரற்கடையை விட்டுவிட்டு மேலே இருப்பதை மட்டும் வடியுங்கள். நீலமாக எரிந்தும் சோர்ந்து போனால் துளையில் ஊசி போடுங்கள். அதற்கும் சரிவராவிட்டால் ஆறவிட்டு, குழாய்க்குள் இருக்கும் கம்பியை உருவித் துடைத்துப் பத்துத் தரம் உள்ளே வெளியே இழுங்கள். கறுப்பாக மணல் போல் உதிரும், அதுதான் அடைசல்.

இனிப் பெற்றோல். அடுப்பு அதற்கும் செய்யப்பட்டதுதான், எரியும், சூடாக்குவதும் இலேசு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதன் ஆவி காற்றை விடப் பாரம். நிலத்தோடு ஊர்ந்து பக்கத்து நெருப்பைத் தேடிப்போகும். சாதாரண வெக்கையில் மண்ணெண்ணெய் சிந்தினால் துடைக்க நேரம் இருக்கும், பெற்றோலுக்கு அந்த நேரம் இல்லை. 92, 95 என்பது இயந்திரத்துக்குள் தட்டாமல் எரிவதற்கான கணக்கு. அடுப்புக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. 95க்குக் கூடக் காசு கொடுக்காதீர்கள். மோட்டார் சைக்கிள் தாங்கியில் மாதக்கணக்காகக் கிடந்த பெற்றோலை உருவி விடவும் வேண்டாம், குழாயில் பிசின் பிடிக்கும். டீசல் அந்தரத்துக்கு மட்டும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். வீட்டில் இருக்கிற பித்தளைப் பம் குக்கருக்குள் ஒருபோதும் பெற்றோல் விடக்கூடாது, கலந்தும் விடக்கூடாது. அதன் தாங்கி நெருப்புக்கு நேர் கீழே இருக்கிறது. சூட்டில் அமுக்கம் ஏறும். காற்றுத் திருகைத் திறந்தால் பெற்றோல் ஆவி நெருப்பின் பக்கத்திலேயே வெளிவரும். உங்கள் அடுப்பின் போத்தல் தள்ளி இருப்பதால்தான் அதற்குப் பெற்றோல் விட முடிகிறது. அதனால் காற்றுமறைப்புத் தகட்டைப் போத்தலையும் சேர்த்துச் சுற்றாதீர்கள். எரியும்போது போத்தலைத் தொட்டால் குளிர்ந்திருக்க வேண்டும். நெடுந்தீவில் சோளகக் காலம் என்றால் பவளக்கல் மதில் ஓரமாக இருந்து சமையுங்கள். கூடாரத்துக்குள் மட்டும் வேண்டாம். நெருப்பு ஒரு பக்கம், காபன் மொனொக்சைட் மறுபக்கம்.

அளவு: ஒரு லீற்றர் தண்ணீர் கொதிக்க 15 தொடக்கம் 20 மில்லிலீற்றர் மண்ணெண்ணெய் போகும். நாலு பேருக்குத் தேநீர், சோறு, ஒரு கறி என்று பார்த்தால் நாளுக்கு 350 மில்லிலீற்றர் வையுங்கள். ஹோட்டன் சமவெளி ஏறக்குறைய 2,100 மீற்றர் உயரம். அங்கே தண்ணீர் 93 பாகையிலேயே கொதித்துவிடும், அதனால் அரிசி வேகக் கூட நேரம் எடுக்கும். பருப்பை முதல்நாளே ஊறப்போடுங்கள். இங்கிருந்து பஸ்ஸில் எண்ணெய் காவாமல் நுவரெலியாவில் வாங்குங்கள். மண்ணெண்ணெயின் குறையையும் சொல்லவேண்டும்: ஒரு சொட்டு அரிசிப் பையில் பட்டால் அந்த அரிசி போச்சு. போத்தலைத் தனிப் பையில் கட்டி வையுங்கள்.

கேள்விக்கு வெளியே போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மிச்ச எண்ணெயைச் சோடாப் போத்தலிலும் தண்ணீர்ப் போத்தலிலும் ஊற்றி வைக்கிற பழக்கத்தை எங்கள் ஆட்கள் விடவேண்டும். தாகத்தோடு வருகிற பிள்ளைக்கு அது தண்ணீர். கடைக்காரரும் கேட்ட உடனே அதில் ஊற்றிக் கொடுக்கிறார்கள், எத்தனை தரம் சொன்னாலும் கேட்பதில்லை. பிள்ளை குடித்துவிட்டால் சத்தி எடுக்க வைக்காதீர்கள். அப்படிச் செய்தால்தான் எண்ணெய் நுரையீரலுக்குள் போகும். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடுங்கள்.

உங்கள் அடுப்பின் பெயரையும் நிப்பிளில் இருக்கிற இலக்கத்தையும் கீழே எழுதுங்கள். 37 மட்டும்தான் இருக்கிறது என்றால், மாமாவிடம் 28ஐத் தபாலில் அனுப்பச் சொல்லுங்கள். ஊரில் தட்டித் துளைத்துச் சின்னதாக்கித் தருகிறோம் என்பவரிடம் கொடுக்காதீர்கள்.