நலமாக இருப்பவர்களுக்கும் மன அழுத்தம் வந்தால் டோபமைன் என்ற மூளை வேதிப்பொருள் குறைந்துவிடுமா?

குறைந்துவிடும் என்றுதான் நானும் வெகுநாள் நம்பியிருந்தேன். கல்லூரியில் உடலியங்கியல் படித்தபோதுதான் அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. (மன அழுத்தம் என்று இங்கே நெருக்கடியைச் சொல்கிறேன், மனச்சோர்வு என்னும் நோயை அல்ல. இரண்டையும் ஒன்றாகப் பேசுவதால் வரும் குழப்பம் கொஞ்சமல்ல.)

நெருக்கடி வந்ததும் மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஹைபோதலாமஸ், அதன் கீழே உள்ள பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டும். பிட்யூட்டரி, சிறுநீரகத்தின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியைத் தூண்டும். அங்கிருந்து வரும் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் உச்சத்தைத் தொட இருபது முப்பது நிமிடமாகும். அது மூளைக்குள்ளும் புகுந்துவிடும். டோபமைன் சுரக்கும் நடுமூளை நரம்பணுக்களில் அதற்கான ஏற்பிகள் (அது வந்து ஒட்டும் இடங்கள்) இருப்பதை எலிகளில் கண்டிருக்கிறார்கள்.

மனிதரிடம் இதை எப்படிப் பார்ப்பது? கனடாவில், மாண்ட்ரியாலின் மெக்கில் பல்கலைக்கழகக் குழு 2004-இல் வெளியிட்ட ஆய்வை நான் மறக்கவே மாட்டேன். நலமான மாணவர்கள் பத்துப் பேரை மனக்கணக்குப் போடச் சொல்லி நெருக்கினார்கள். அந்த நேரத்தில், உடலில் செலுத்திய கதிரியக்கப் பொருள் மூளையில் எங்கே சேர்கிறது என்று காட்டும் பெட் ஸ்கேன் எடுத்தார்கள். ராக்ளோபிரைடு என்ற கதிரியக்கப் பொருள் டோபமைன் ஏற்பிகளில் போய் ஒட்டும். டோபமைன் பெருகினால் அதற்கு இடம் கிடைக்காது. எவ்வளவு ஒட்டவில்லை என்று அளந்தால் எவ்வளவு டோபமைன் வெளிவந்தது என்று ஊகிக்கலாம். எவருக்குக் கார்ட்டிசால் அதிகம் ஏறியதோ, அவருக்கே டோபமைனும் அதிகம் வெளிவந்திருந்தது! பத்தே பேர்தான், இரண்டும் சேர்ந்து ஏறியதால் ஒன்றுதான் மற்றதைத் தூண்டியது என்றும் முடிவுகட்ட முடியாது.

என்னை உலுக்கியது வேறொன்று. சிறுவயதில் தாயின் அரவணைப்பு குறைவாகவே கிடைத்தது என்று சொன்னவர்களிடம்தான் இந்த டோபமைன் ஏற்றம் தெளிவாகத் தெரிந்தது. எல்லோரும் போட்டது ஒரே மாதிரிக் கணக்குத்தான்.

டோபமைன் பெருகினால் மகிழ்ச்சி பெருக வேண்டாமா என்று கேட்பீர்கள். டோபமைனின் முக்கிய வேலை 'இதைக் கவனி, இதை நாடு' என்று உந்துவது. தேர்வுக்கு முந்தைய இரவுகளில் என் கை மிக்சர் டப்பாவுக்குப் போய்க்கொண்டே இருக்கும். ருசித்துத் தின்றதாக நினைவே இல்லை. உந்துதல் வேறு, இன்பம் வேறு என்று படித்தபோது எனக்கு அந்த டப்பாதான் நினைவுக்கு வந்தது.

வாரக்கணக்கில் விடாமல் தொடரும் அழுத்தத்தின் கதை வேறு. எலிகளில் அது டோபமைன் செயல்பாட்டை மந்தமாக்கக்கூடும். நீங்கள் கேள்விப்பட்ட 'குறைந்துவிடும்' என்ற பேச்சு அங்கிருந்து வந்திருக்கலாம்.