வெளிநாட்டுக் கிராம கிளினிக்கில் முதல் வேலை: எதற்குத் தயாராக வேண்டும்?

படிப்பு முடிந்த கையோடு வேறொரு நாட்டின் கிராம கிளினிக்கில் சேரப் போகிறீர்கள், முதலில் எதற்குத் தயாராக வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த நாட்டில் மருத்துவம் பார்க்க உரிமம் கைக்கு வந்த பிறகே கிளம்புங்கள். அதில் சமரசமே வேண்டாம்.

அப்புறம், கண்ணும் கையும்தான் உங்கள் கருவிகள். எக்ஸ்ரே இல்லாமல் போகலாம், ரத்தப் பரிசோதனை முடிவு வர நாளாகலாம். இருமலோடு ஒரு குழந்தை வந்தால், அழாமல் இருக்கும் நேரம் பார்த்து, சட்டையைத் தூக்கிவிட்டு, முழுதாக ஒரு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2 மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, 5 வயதுக்குள் 40. அந்த எண்ணைத் தொட்டாலே வேக மூச்சுதான், அதாவது நிமோனியாவாக (நுரையீரல் தொற்று) இருக்கலாம் என்பதற்கான அறிகுறி. அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்காதீர்கள். சின்னக் குழந்தையின் மூச்சு ஒரே சீராக ஓடாது.

மொழி தெரியாத ஊரில் நோயாளியின் பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். மாதவிடாய்த் தொல்லையை எந்த அம்மா மகன் வழியாகச் சொல்வார்? மருந்தைக் கொடுத்துவிட்டு "புரிந்ததா?" என்றால் எல்லாரும் தலையாட்டுவார்கள். "வீட்டுக்குப் போய் எப்படிக் கொடுப்பீர்கள், சொல்லுங்கள்" என்று கேளுங்கள். தவறு அங்கேயே தெரிந்துவிடும்.

முதல் நாளே தெரிந்துகொள்ள வேண்டியது இன்னொன்று: பெரிய மருத்துவமனை எவ்வளவு தூரம், ராத்திரியில் வண்டி கிடைக்குமா, மழையில் பாதை திறந்திருக்குமா? இதைப் பல வருடமாக அங்கேயே இருக்கும் நர்ஸிடம் கேளுங்கள்.