ஐகான் வாரியத்தை யார் தட்டிக் கேட்பது?

கேள்வி: எங்கள் அறக்கட்டளையின் இணையதள முகவரி ‘டாட் ஆர்க்’ என்று முடிகிறது. 2019-இல் அந்த ஆர்க் மொத்தத்தையும் ஒரு தனியார் நிறுவனத்துக்கு விற்கப் பார்த்தார்களாமே! இதற்கெல்லாம் மேலே இருந்து உலகின் இணைய முகவரிகளை ஒருங்கிணைக்கும் ஐகான் அமைப்பின் இயக்குநர் வாரியத்தை யார் கேள்வி கேட்பது? நாம் ஓட்டுப் போட்டா அவர்களைத் தேர்ந்தெடுத்தோம்?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: ஒரே ஒருமுறை ஓட்டுப் போட்டதுண்டு. 2000-இல் உலகெங்கும் இணையம் பயன்படுத்துகிறவர்கள் பதிவுசெய்துகொண்டு, பகுதிக்கு ஒருவராக ஐந்து இயக்குநர்களை ஆன்லைனில் தேர்ந்தெடுத்தார்கள். வட அமெரிக்காவில் ஜெயித்த கார்ல் ஆவர்பாக், ஐகானின் கணக்கு வழக்கைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். முதலில் எங்கள் நிபந்தனைகளுக்குக் கையெழுத்துப் போடுங்கள் என்றது நிர்வாகம். அவர் மறுத்து, லாஸ் ஏஞ்சல்ஸ் கோர்ட்டுக்குப் போய் 2002-இல் ஜெயித்தார். ஐகான் கலிஃபோர்னியாவில் பதிவான லாப நோக்கமற்ற அமைப்பு, அந்த மாநிலச் சட்டப்படி எந்த ஆவணத்தையும் பார்க்க இயக்குநருக்கு முழு உரிமை உண்டு. வாரியத்தில் உட்கார்ந்திருப்பவருக்கே இந்தக் கதி என்றால் வெளியே இருப்பவர்களை யோசித்துப் பாருங்கள். அப்புறம் அந்த நேரடித் தேர்தலையே எடுத்துவிட்டார்கள். என்னைக் கேட்டால் நாம் இழந்ததில் பெரியது அதுதான்.

இப்போது ஓட்டுரிமை உள்ள இயக்குநர்கள் 16 பேர், அதில் 8 பேரை ஒரு நியமனக் குழு தேர்ந்தெடுக்கிறது. 2016 செப்டம்பர் வரை அமெரிக்க வணிகத் துறையின் ஒப்பந்தம் ஒன்று ஐகானின் தலைக்கு மேல் இருந்தது. அது முடிந்தபோது, பட்ஜெட்டை நிராகரிக்கவும் இயக்குநரை நீக்கவும் மொத்த வாரியத்தையே கலைக்கவும் ஐகானின் ஐந்து பிரிவுகள் சேர்ந்த ஒரு சமூக அமைப்புக்கு அதிகாரம் கொடுத்தார்கள். கலைக்க வேண்டுமானால் ஐந்தில் நான்கு ஒத்துக்கொள்ள வேண்டும். இதுவரை வாரியத்தை யாரும் கலைத்ததில்லை, அன்றாடக் கண்காணிப்புக்கு அது ஏட்டுச் சுரைக்காய்தான்.

ஆர்க் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் எது வேலை செய்தது என்பது அங்கேதான் தெரிகிறது. 2019 ஜூனில் ஆர்க் முகவரிகளின் விலைக்கு இருந்த உச்சவரம்பை ஐகான் எடுத்தது. அதற்கு முன் கருத்துக் கேட்டபோது வந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கருத்துகளில் பெரும்பாலானவை எதிர்ப்புதான், யாரும் காதில் வாங்கவில்லை. நவம்பரில், ஆர்க்கை நடத்தும் அமைப்பை 113.5 கோடி டாலருக்கு ஈதோஸ் கேப்பிடல் என்ற தனியார் முதலீட்டு நிறுவனம் வாங்கப்போகிறது என்ற அறிவிப்பு வந்தது. வாங்குவதற்கான பணத்தில் 36 கோடி டாலர் கடன், அதன் பாரம் ஆர்க்கின் வருமானத்தின் மேல்தான் விழும், அதாவது உங்கள் அறக்கட்டளை, தமிழ் மின்னூல்களைத் தரும் ‘நூலகம்’, ‘மதுரைத் திட்டம்’ போன்றவர்கள் கட்டும் புதுப்பிப்புக் கட்டணத்தின் மேல். லாப நோக்கமற்ற அமைப்புகள் திரண்டன, ஐகான் அலுவலக வாசலிலேயே போராட்டம் நடந்தது. 2020 ஏப்ரல் நடுவில் கலிஃபோர்னியா மாநிலத்தின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரல் இந்த விற்பனைக்கு அனுமதி தராதீர்கள் என்று கடிதம் எழுதினார், ஏப்ரல் 30-இல் வாரியம் அனுமதி மறுத்தது. சத்தமும் சட்டமும் சேர்ந்து வந்ததால்தான் அது நடந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன். விலை வரம்பை எடுத்த விதத்தை எதிர்த்து, இணைய முகவரிகளை விற்கும் நேம்சீப் நிறுவனம் போன சுயேச்சை மறுஆய்வுக் குழுவும், ஐகான் தன் சொந்த விதிகளையே மீறியது என்று 2022 டிசம்பரில் சொன்னது.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? மறுஆய்வுக்குப் போக பெரிய பணம் வேண்டும், அதை விடுங்கள். ஐகானிடம் ஆவணம் கேட்டு யார் வேண்டுமானாலும் மின்னஞ்சல் அனுப்பலாம், 30 நாளில் பதில் சொல்வது அவர்கள் கொள்கை. ‘விற்பனை பற்றிய எல்லாத் தகவலும்’ என்று பொதுவாகக் கேட்டால் மறுக்கச் சாக்கு கிடைத்துவிடும், எந்தத் தேதிக் கூட்டம், எந்தத் தீர்மானம், எந்த அறிக்கை என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். ஆசிய-பசிபிக் பயனர்களுக்கென ஐகானுக்குள்ளேயே ஒரு பிரிவு இருக்கிறது, உங்கள் அறக்கட்டளை அதில் உறுப்பினராக விண்ணப்பிக்கலாம். வாரியத்தில் ஓர் இடத்துக்கு ஆள் தேர்ந்தெடுப்பது இப்படிப்பட்ட பயனர் பிரிவுகள்தான்.