பழைய மாஸி 135: முதலில் பின்பக்கம் போய் நில்லுங்கள்

கேள்வி: ஐயா, வணக்கம். லிம் சூ காங்கில் 2 ஹெக்டேருக்குச் சற்றுக் குறைவான நிலத்தில் கங்கோங், பயாம் கீரைகள், வெண்டை, கறிவேப்பிலை போடுகிறோம். இத்தனை நாளும் பவர் டில்லரோடுதான் மல்லுக்கட்டினோம். பக்கத்துத் தோட்டக்காரர் குத்தகை முடிந்து கிளம்புகிறார். அவரிடம் 1970 வாக்கில் செய்த மாஸி ஃபெர்குசன் 135 டிராக்டர் இருக்கிறது. ரோட்டவேட்டர் (மண்ணைக் கிளறும் சுழல் கத்திக் கருவி), புல்வெட்டி, ஒற்றை அச்சு டிரெய்லர் எல்லாம் சேர்த்து 7,500 வெள்ளி கேட்கிறார். புதுச் சாயம் அடித்திருக்கிறார், சாவியைத் திருப்பியதும் கிளம்புகிறது. ஜொகூரில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இதே வண்டி 2,000 வெள்ளி குறைவாகக் கிடைக்கும் என்கிறார்கள். எதை வாங்குவது? என்னென்ன பார்க்க வேண்டும்?

பதில்: தம்பி, ஜொகூர் வண்டியை விட்டுவிடுங்கள். சிங்கப்பூருக்குள் கொண்டுவரப்படும், சாலையில் ஓடாத டீசல் இயந்திரங்களுக்கு 2012 ஜூலை 1 முதல் புகை வரம்பு உண்டு. ஐரோப்பாவின் இரண்டாம் கட்டம், அமெரிக்காவின் இரண்டாம் நிலை, ஜப்பானின் முதல் நிலை, இம்மூன்றில் ஒன்றுக்காவது இயந்திரம் ஒத்துவர வேண்டும். 1970களில் செய்த எஞ்சின் அந்த வரம்புக்கு முந்தைய காலத்தது. மலிவாக இருக்கிறதே என்று முன்பணம் கொடுத்துவிட்டு உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் நிற்கும் நிலை வரக்கூடாது. எந்த வண்டியானாலும் எல்லை தாண்டி வருகிறதென்றால் முதலில் தேசியச் சுற்றுப்புற வாரியத்தில் எழுதிக் கேட்டுவிட்டுத்தான் விலை பேச வேண்டும்.

இனி பக்கத்துத் தோட்டத்து வண்டி. 135 நல்ல வண்டி, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 1964 முதல் 1975 வரை செய்தார்கள். மூன்று சிலிண்டர் பெர்க்கின்ஸ் டீசல் எஞ்சின், 2.5 லிட்டர், ஏறக்குறைய 45 குதிரைத்திறன். அதே வம்சத்து வண்டிகளைப் பாகிஸ்தானிலும் தமிழ்நாட்டிலும் பல ஆண்டுகள் செய்துவந்திருக்கிறார்கள். அதனால் உதிரி பாகத்துக்குப் பஞ்சமில்லை. சென்னைக்குப் போய்வரும் உறவினர் பெட்டிக்குள் வைத்தே கிளட்ச் தட்டையும் ஆயில் சீல்களையும் கொண்டுவந்துவிடலாம். பழைய பாகத்தின் எண்ணைக் குறித்துக் கொடுத்தனுப்புங்கள், பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பதெல்லாம் பொருந்தாது.

ஆனால் நீங்கள் எழுதியதில் இரண்டு விஷயம்தான் வண்டியைப் பற்றியது: சாயம், ஸ்டார்ட் ஆவது. இரண்டும் விற்பவர் காட்ட விரும்புகிறவை. எஞ்சின் கெட்டால் சுங்கை காடுட் பக்கம் டீசல் வேலை தெரிந்த எந்தப் பட்டறையும் சரிசெய்துவிடும். உங்கள் காசைத் தின்னப்போவது இருக்கைக்குப் பின்னால் இருக்கிறது. ஆகவே போனதும் முன்னால் நின்று பானெட்டைத் திறக்காதீர்கள், நேராகப் பின்பக்கம் போய் நில்லுங்கள்.

காரணம் இதுதான். இந்த வண்டியில் கியர் பெட்டி, பின் அச்சு, லிஃப்டை, அதாவது பின்னால் மாட்டிய கருவியை ஏற்றி இறக்கும் கைகளை, தூக்கும் ஹைட்ராலிக் பம்ப் மூன்றுக்கும் ஒரே எண்ணெய். பம்ப் அந்தப் பெட்டிக்குள்ளேயே எண்ணெயில் மூழ்கிக் கிடக்கிறது. நம் ஊரிலோ ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. தகரக் கொட்டகையில் நிறுத்தினாலும் சாரல் அடிக்கும். கியர் கம்பியின் அடியிலுள்ள ரப்பர் உறை வெடித்திருந்தால் தண்ணீர் அதன் வழியே சொட்டுச் சொட்டாக இறங்கும். பகல் சூட்டில் விரிந்து இரவில் சுருங்கும் காற்றும் ஈரத்தை உள்ளே இழுக்கும். எண்ணெயும் தண்ணீரும் கலந்தால் தே தாரேக், அதாவது பால் டீ, நிறத்துக்கு வந்துவிடும். அதில் ஓடும் பேரிங் துருப்பிடிக்கும், பம்ப் வால்வில் குழி விழும். வெளியே எந்தச் சாயமும் இதைக் காட்டிக்கொடுக்காது.

நானே இதில் ஏமாந்திருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் நண்பர் ஒருவருக்காக ஒரு பழைய வண்டியைப் பார்க்கப் போனேன். அளவுக்கம்பியை இழுத்துப் பார்த்தேன், எண்ணெய் தெளிவாகவே இருந்தது. 'வாங்கலாம்' என்று சொல்லிவிட்டேன். இரண்டாவது வாரமே லிஃப்ட் நின்றுபோனது. அடித்திருகைக் கழற்றினால் முதலில் வந்தது இரண்டு லிட்டருக்குக் குறையாத தண்ணீர், பிறகுதான் எண்ணெய். வண்டி வாரக்கணக்கில் ஆடாமல் நின்றதால் தண்ணீர் அடியில் தங்கிவிட்டது, என் கம்பி மேல் எண்ணெயை மட்டும் தொட்டு வந்திருக்கிறது. அந்த நண்பரின் பணம் வீணானது என் வார்த்தையால்தான். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

ஆகவே விற்பவரிடம் முதல் நாளே சொல்லிவையுங்கள்: 'காலையில் நான் வரும்வரை வண்டியைக் கிளப்பவேண்டாம்.' இரவு முழுக்க நின்ற வண்டியில், அவர் அனுமதியோடு, கியர் பெட்டிக்கு அடியிலுள்ள திருகை இரண்டு சுற்று மட்டும் தளர்த்தி, கசிவதை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடியுங்கள். எண்ணெயாகவே வந்தால் நிம்மதி. தண்ணீர் வந்தாலோ, தே தாரேக் வந்தாலோ, மொத்த எண்ணெயும் மாற்றி, பம்பையும் கழற்றிப் பார்க்கும் செலவு உங்களுடையது. திருகில் காந்தம் இருந்தால் அதில் ஒட்டியிருப்பதையும் பாருங்கள். மையைப் போன்ற நைசான தூள் எல்லாப் பழைய வண்டியிலும் இருக்கும். விரலில் குத்தும் சில்லு இருந்தால் உள்ளே ஒரு பல் உடைந்துகொண்டிருக்கிறது. திருகவே விடமாட்டேன் என்கிறாரா? அதையே பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது லிஃப்ட். கருவி மாட்டாத லிஃப்ட் கைகளைத் தூக்கிக் காட்டினால் ஒப்புக்கொள்ள வேண்டாம், ரோட்டவேட்டரை மாட்டச் சொல்லுங்கள். மெதுவாக, விக்கல் இல்லாமல், ஒரே சீராக ஏற வேண்டும். மேலே நிற்கும்போது எஞ்சின் ஓட ஓடத் தலையாட்டிக்கொண்டே இருந்தால் உள்ளே எங்கோ எண்ணெய் கசிகிறது. பாதி உயரத்தில் நிறுத்திப் பாருங்கள், அங்கேயே நிற்கிறதா? பிறகு மேலே தூக்கி, எஞ்சினை நிறுத்தி, தரையிலிருந்து உயரத்தை ஒரு குச்சியில் குறித்துக்கொள்ளுங்கள். 50 வயது வண்டி மெல்ல மெல்ல இறங்குவது சகஜம். நீங்கள் வண்டியைச் சுற்றி வருவதற்குள் தரையில் உட்கார்ந்துவிட்டால் சீலோ வால்வோ போய்விட்டது. தூக்கிய கருவிக்கு அடியில் மட்டும் கையோ காலோ தலையோ போகக்கூடாது, முட்டுக் கொடுத்திருந்தாலும்.

இந்தச் சோதனையை ஒருமுறை செய்தால் போதாது. வண்டியை அரை மணி, முக்கால் மணி உழவிட்டு, எண்ணெய் சூடான பிறகு இன்னொரு முறை தூக்குங்கள். தேய்ந்த பம்ப் குளிர்ந்த எண்ணெயில் நன்றாகத் தூக்கும், சூடானதும் மூச்சு வாங்கும். பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்து வாங்கியவர்கள் பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். இருக்கைக்குப் பின்னால், டாப் லிங்க் (கருவியின் மேல் இணைப்புக் கம்பி) மாட்டும் தாங்கியைக் கையால் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டியும் பாருங்கள். அதன் உள்ளிருக்கும் கனத்த ஸ்பிரிங்தான் கலப்பையின் இழுப்பை லிஃப்டுக்குச் சொல்கிறது. கடகடவென ஆடினால் தேய்மானம்.

பிறகு பி.டி.ஓ., அதாவது எஞ்சின் சக்தியால் கருவியைச் சுழற்றும் பின்பக்கத் தண்டு. 135-இல் ஒற்றைக் கிளட்ச் வண்டியும் உண்டு, இரட்டைக் கிளட்ச் வண்டியும் உண்டு. விற்பவருக்கே தெரியாமல் இருக்கலாம், மிதித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். பி.டி.ஓ.வைப் போட்டு ஓட்டும்போது பெடலைப் பாதி மிதித்தால் சக்கரம் நின்று தண்டு சுழல வேண்டும், முழுக்க மிதித்தால் இரண்டும் நிற்க வேண்டும். அது இரட்டைக் கிளட்ச். எல்லாம் ஒரே நேரத்தில் நின்றால் ஒற்றை. ஒற்றையில் வரப்பு முனையில் நிறுத்தினால் ரோட்டவேட்டரும் நிற்கும், லிஃப்டும் வேலை செய்யாது. அதோடு புல்வெட்டியை மாட்டினால் ஓர் ஆபத்தும் இருக்கிறது: கிளட்சை மிதித்த பிறகும் சுழலும் வெட்டுக்கத்தியின் வேகம் தண்டு வழியே திரும்பி வந்து வண்டியை முன்னால் தள்ளும். குளக்கரையிலும் வடிகால் ஓரத்திலும் புல் வெட்டுகிற உங்களுக்கு அந்த இரண்டு மீட்டர் போதும். ஒற்றைக் கிளட்ச் வண்டியானால், தண்டில் ஒருவழிச் சுழல் இணைப்பு மாட்டாமல் புல்வெட்டியைத் தொடாதீர்கள்.

கிளட்ச் வழுக்கினால் விலையில் பெரிதாகக் குறைக்கச் சொல்லுங்கள். தட்டு மலிவு, வேலைதான் கனம். வண்டியை நடுவில் இரண்டாகப் பிரித்தால்தான் கை போகும். அந்தக் காலத்துக் கிளட்ச், பிரேக் லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு அதிகம். தூசியைக் காற்றடித்து ஊதவே கூடாது, ஈரத்துணியால் துடைக்க வேண்டும். பட்டறைப் பையனிடமும் சொல்லிவிடுங்கள்.

கருவிகளை 'சேர்த்துத் தருகிறேன்' என்று சொன்னால் இலவசம்போலத் தோன்றும். 7,500 வெள்ளியில் ஒரு பகுதி அவற்றுக்குத்தான் போகிறது. ரோட்டவேட்டரின் அகலத்தை அளந்து, பின் சக்கரங்களின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்புவரை உள்ள அகலத்தோடு ஒப்பிடுங்கள். கருவி குறுகலாக இருந்தால் உழுத பாத்தியில் சக்கரத் தடம் அப்படியே நிற்கும். சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் போட்டு இடைவெளியைக் குறைக்கலாம், அதற்கு அந்த நட்டுகள் துருவில் இறுகாமல் இருக்க வேண்டும். எஞ்சினை நிறுத்தி, கருவியை மரக்கட்டைமேல் இறக்கி, கத்தித் தண்டின் ஓரத்தில் கடப்பாரையைக் கொடுத்து நெம்புங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங் போய்விட்டது, பெரும்பாலும் நெகிழிக் கயிறும் புல்லும் சுற்றி ஆயில் சீலை அறுத்திருக்கும். கத்தி தேய்ந்திருப்பது பெரிய விஷயமில்லை, கத்தியைப் பிடிக்கும் தட்டில் விரிசலோ ஒட்டு வெல்டிங்கோ இருந்தால் பெரிய விஷயம். கியர் எண்ணெயைத் தொட்டு வெயிலில் காட்டுங்கள், வெள்ளி மின்னினால் உலோகம் தேய்கிறது.

பி.டி.ஓ. தண்டின் குறுக்கு மூட்டுகளை முறுக்கிப் பாருங்கள். மேலுறை இல்லாவிட்டால் புதிது வாங்கி மாட்டிய பிறகே ஓட்ட வேண்டும். நிமிடத்துக்கு 540 சுற்று என்றால் நொடிக்கு 9 சுற்று. சட்டை நுனி மாட்டினால் கத்துவதற்கும் நேரம் இருக்காது.

எஞ்சினைச் சுருக்கமாகவே சொல்கிறேன். போனதும் கையை வைத்துப் பாருங்கள், சூடாக இருந்தால் உங்களுக்கு முன்பே கிளப்பிவைத்திருக்கிறார். நீலப் புகை நிற்காமல் வந்தால் எண்ணெய் எரிகிறது. வெள்ளைப் புகை சூடானபின்னும் போகவில்லையென்றால் டீசல் சரியாக எரியவில்லை, அல்லது தண்ணீர் உள்ளே போகிறது. ஓடும்போது எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தால் பொங்கிப் பொங்கிப் புகை வருகிறதா என்று பாருங்கள், அது பிஸ்டன் வளையத்தின் தேய்மானம். மணிக்கணக்குக் காட்டும் மீட்டரை நான் நம்புவதே இல்லை. பெடலின் தேய்ந்த ஓரமும், டிரெய்லர் மாட்டும் இழுகம்பியின் நீண்டுபோன துளையும் உண்மையைச் சொல்லும்.

முன் அச்சை ஜாக்கில் தூக்கிச் சக்கரத்தை ஆட்டுங்கள். பின் சக்கரத்தின் உள்பக்கம் எண்ணெய்க் கோடு தெரிந்தால் பிரேக் நனைந்திருக்கிறது, இடது வலது பிரேக்கைத் தனித்தனியே மிதித்துச் சோதியுங்கள். மல்டி பவர் என்ற, ஓடும்போதே வேகநிலையை மாற்றும் மாற்றி இருக்கும் வண்டியானால் ஒன்றை நினைவில் வையுங்கள்: தாழ்நிலையில் எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்தாது, சரிவில் உருட்டிவிடும். உங்கள் டிரெய்லருக்கோ பிரேக் கிடையாது. உரம் ஏற்றிச் சரிவில் இறங்கும்போது உயர்நிலைக்கு மாற்றிவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

அந்தக் காலத்து வண்டிகளில், கவிழ்ந்தால் ஓட்டுபவரைக் காக்கும் இரும்புச் சட்டகம் இல்லாதவைதான் அதிகம். அதையும் இருக்கைப் பட்டையையும் பொருத்துவதற்கான பணத்தை விலையிலிருந்தே கழித்துப் பேசுங்கள். கூலியாள் ஒருவரை அந்த இருக்கையில் உட்காரவைக்கப் போகிறீர்கள், அவருக்கும் வீடு இருக்கிறது. எதை இழுத்தாலும் கீழ் இழுகம்பியில் மட்டுமே மாட்ட வேண்டும். டாப் லிங்க் இடத்தில் சங்கிலி கட்டினால் முன்பக்கம் எழும்பி வண்டி பின்னால் கவிழும்.

கடைசியாக ஒரு கேள்வி, இதை நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டும். 135-இன் எடை ஏறக்குறைய ஒன்றரை டன். டிசம்பர், ஜனவரி மழையில் நனைந்த களிமண்ணில் அது இரண்டு முறை போய்வந்தால் கீழ்மண் இறுகி, கங்கோங் பிழைக்கும், வெண்டை வேர் மூச்சுத் திணறும். திரும்புவதற்கு ஒவ்வொரு பாத்தி முனையிலும் நாலைந்து மீட்டர் நிலமும் விட வேண்டும். நிலையான பாத்தி, நடுவே வடிகால் என்ற அமைப்பில் சாகுபடி செய்கிறீர்கள் என்றால் நான்கு சக்கரமும் இழுக்கும் சிறிய ஜப்பானிய டிராக்டர், குபோட்டாவோ யன்மாரோதான் உங்களுக்குச் சரி, அல்லது இருக்கிற பவர் டில்லரே போதும். பழைய பாத்திகளைக் கலைத்துப் புதிதாக எடுப்பது, உரம் சுமப்பது, ஓரம் வெட்டுவது, இவைதான் முக்கிய வேலை என்றால் 135 உங்களுக்குச் சோறு போடும்.

வாங்குவதானால் கேட்ட விலை முழுவதையும் வண்டிக்கே கொடுத்துவிடாதீர்கள். கையிலுள்ள பணத்தில் மூன்றில் ஒரு பங்கை முதல் ஆண்டுச் செலவுக்கு ஒதுக்கிவிட்டு மிச்சத்தில் பேசுங்கள். எண்ணெய், சீல், பி.டி.ஓ. தண்டு, டயர் எல்லாம் அதில்தான் வர வேண்டும். பக்கத்துத் தோட்டம்தானே என்று பொதுச் சாலையில் ஓட்டிவர வேண்டாம், அதற்குப் பதிவும் காப்புறுதியும் வேண்டும். ஒரு லாரி பேசி ஏற்றி வாருங்கள். குத்தகை முடிந்து போகிறவரை அப்புறம் தேடிப் பிடிப்பது சிரமம். எஞ்சின் எண், வண்டி எண் இரண்டையும் எழுதி, கையெழுத்து வாங்கி, கருவிகளின் பட்டியலையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை காலையில் போங்கள். கண்ணாடிப் பாட்டில், டார்ச், ஜாக், கடப்பாரை, அளவு நாடா, பழைய துணி எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டிலில் பிடித்ததை ஒரு மணி நேரம் ஆடாமல் வைத்துவிட்டு, அடியில் என்ன நிறம் தங்கியிருக்கிறது என்று எனக்கு எழுதுங்கள், விலையை அதற்குப் பிறகு பேசிக்கொள்வோம்.