மக்குலா தேய்வு: கண் டொக்டர் பதில்கள்

வயது போகப் போக விழித்திரையின் நடுப்பகுதியான மக்குலா பழுதடைவது பற்றி யாழ்ப்பாணத்து வாசகர்கள் கேட்டவையும், கண் வைத்தியர் சொன்னவையும்.

சுன்னாகம்: டொக்டர், அம்மாவுக்கு 71 வயது. மக்குலாவில் மஞ்சள் படிவு இருக்கென்று கிளினிக்கில் சொன்னார்கள். கனடாவிலிருந்து தம்பி கண் விற்றமின் போத்தல் அனுப்பியிருக்கிறான். கொடுக்கலாமா?

பதில்: முதலில் படிவு எந்தக் கட்டம் என்று தெரியவேண்டும், தங்கச்சி. கிளினிக் கொப்பியில் இல்லையென்றால் அடுத்த தவணையில் கேளுங்கள். சின்னப் புள்ளிகள் மட்டும் உள்ள ஆரம்பக் கட்டத்தில் அந்தக் குளிசையால் பலன் தெரியவில்லை. பெரிய படிவுகள் உள்ள நடுக்கட்டம், அல்லது ஒரு கண் முற்றிப்போய் மற்றக் கண்ணைக் காக்கவேண்டிய நிலை என்றால் கொடுக்கலாம்.

அமெரிக்கத் தேசியக் கண் நிறுவனத்தின் 'ஏரெட்ஸ்' ஆய்வு 2001இல் காட்டியது இது. இப்படியான ஆபத்து உள்ளவர்களில் மருந்தில்லாத வெற்றுக் குளிசை குடித்த 100 பேரில் சுமார் 28 பேருக்கு 5 வருடத்தில் நோய் முற்றியது. விற்றமின் சி, ஈ, பீற்றா கரோட்டின், சிங்க் சேர்ந்த குளிசை குடித்தவர்களில் சுமார் 20 பேருக்கு. எட்டுப் பேரின் கண் தப்பியது சின்ன விஷயமில்லை. ஆனால் இருபது பேருக்குக் குளிசை குடித்தும் முற்றியதே! போன பார்வையும் திரும்பாது. 'கண் தெளியும்' என்று சொல்லிக் கொடுத்தீர்களென்றால் அம்மா ஒரு மாதத்தில் நிறுத்திவிடுவார்.

வட்டுக்கோட்டை: நான் கனகாலம் சுருட்டுப் பத்தினவன், இப்ப விட்டாச்சு. எனக்கும் அதே குளிசையா?

பதில்: ஐயா, போத்தலைத் திருப்பி லேபலை வாசியுங்கள், எழுத்துத் தெரியாவிட்டால் பேரப்பிள்ளையிடம் கொடுங்கள். பீற்றா கரோட்டின் என்று இருந்தால் தொடவே வேண்டாம். புகைத்தவர்களுக்கு அது நுரையீரல் புற்றுநோய் ஆபத்தைக் கூட்டும். 2013இல் முடிவு வந்த இரண்டாவது ஏரெட்ஸ் ஆய்வில் அதற்குப் பதிலாக, கீரைகளில் உள்ள நிறச்சத்துகளான லூட்டின் 10 மில்லிகிராமும் சியாசாந்தின் 2 மில்லிகிராமும் சேர்த்துப் பார்த்தார்கள். அதில் சேர்ந்தவர்களைப் பத்து வருடம் கவனித்து 2022இல் வெளியிட்ட முடிவிலும், பீற்றா கரோட்டின் எடுத்தவர்களிடம் அந்தப் புற்றுநோய் ஏறக்குறைய இருமடங்கு. லூட்டினில் அந்தப் பிரச்சினை இல்லை. இன்னொன்று: சுருட்டை விட்டதே உங்கள் கண்ணுக்கு நீங்கள் செய்த பெரிய உபகாரம். மாற்றக்கூடிய காரணங்களில் புகைதான் முதலாவது.

பருத்தித்துறை: முருங்கையிலை வறையும் மீன்குழம்பும் போதாதா? மீனெண்ணெய்க் குளிசையும் வேணுமா?

பதில்: மீனெண்ணெய்க் குளிசைக்குக் காசைக் கொட்டாதீர்கள். அதே இரண்டாவது ஆய்வில் ஒமேகா-3 சேர்த்தும் பார்த்தார்கள், பலன் இல்லை. மீனாகச் சாப்பிடுகிறவர்களிடம் நோய் முற்றுவது குறைவு என்று அவதானிப்புகள் சொல்கின்றன, ஆகவே குழம்பை நிறுத்தவேண்டாம். முருங்கையிலை, பொன்னாங்காணி எல்லாவற்றிலும் லூட்டின் தாராளமாக இருக்கிறது. ஆனால் நடுக்கட்ட நோயாளிக்குக் கீரை மட்டும் குளிசையின் இடத்தைப் பிடிக்கும் என்று சொல்ல ஆதாரம் இல்லை. இரத்தம் உறையாமலிருக்க 'வோபரின்' குடிக்கிறவர்கள் கீரையைத் திடீரென்று கூட்டவும் கூடாது, இரத்தப் பரிசோதனை குழம்பிவிடும்.

நல்லூர்: இரத்தம் கசியாத உலர் வகைக்கும் ஊசி வந்திட்டுதாமே?

பதில்: 2023இல் அமெரிக்கா இரண்டுக்கு அனுமதி கொடுத்தது, தம்பி. மக்குலாவில் திட்டுத்திட்டாகத் திசு அழிந்த முற்றிய கட்டத்துக்கானவை அவை. அழிவு பரவும் வேகத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். சிலருக்கு இரத்தக்குழாய் கசியும் ஈர வகை வரும் ஆபத்தும் உண்டு. வெளிநாட்டுச் சொந்தக்காரர் சொன்னார் என்று காணி விற்றுப் போகாதீர்கள்.

சாவகச்சேரி: கூடுகிறதென்று வீட்டிலேயே எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: சதுரக் கொப்பித் தாள் ஒன்றின் நடுவில் கறுப்புப் புள்ளி வைத்துச் சுவரில் ஒட்டுங்கள், அக்கா. வாசிக்கும் கண்ணாடியைப் போட்டு, ஒரு கண்ணைப் பொத்தி, புள்ளியையே பாருங்கள். பிறகு மற்றக் கண். இரண்டையும் திறந்து பார்த்தால் நல்ல கண் மற்றதன் குறையை மூடிவிடும். புதிதாகக் கோடு நெளிந்தாலோ, ஒரு இடம் மறைந்தாலோ கிளினிக் திகதிவரை காத்திருக்காமல் உடனே வாருங்கள். ஈர வகைக்கு ஊசி நன்றாக வேலை செய்யும், ஆனால் இரத்தம் கசிந்து தழும்பாக முதல் போடவேண்டும்.

கோப்பாய்: கண்புரை ஒபரேசன் செய்தால் மக்குலா மோசமாகுமா?

பதில்: ஏரெட்ஸ் ஆய்வுகளில் அப்படித் தெரியவில்லை. பயப்படாமல் செய்யுங்கள்.