பாதரசம் சிந்தினால்...

கேள்வி: வார்டில் தெர்மாமீட்டர் கை தவறி உடைந்துவிட்டது. ஆயாம்மா உடனே துடைப்பத்தால் கூட்டிவிட்டார். அது சரியா? - செவிலியர், திருச்சி மாவட்டம்

பதில்: துடைப்பம் மட்டும் வேண்டவே வேண்டாம். குண்டுமணி அளவு பாதரசம் நூறு பொடிமணியாகச் சிதறும். ஆவியாகும் பரப்பு கூடும், துடைப்பமும் கெட்டுவிடும். பாதரசத்தின் ஆவிக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. மூச்சோடு உள்ளே போவதுதான் ஆபத்து.

முதலில் நோயாளிகளைத் தள்ளி அமர்த்துங்கள். மின்விசிறி, ஏசியை அணைத்து, வெளிப்பக்க ஜன்னலைத் திறங்கள். மோதிரம், வளையலைக் கழற்றிய பிறகே கையுறை போடுங்கள். தங்கத்தில் பாதரசம் பட்டால் ஒட்டி வெளுத்துவிடும். கண்ணாடித் துண்டுகளை இடுக்கியால் எடுங்கள். இரண்டு கெட்டி அட்டைகளால் மணிகளை ஓரிடத்தில் சேர்த்து, ஊசி இல்லாத சிரிஞ்சால் உறிஞ்சி, கொஞ்சம் தண்ணீர் ஊற்றிய பிளாஸ்டிக் பாட்டிலில் விட்டு இறுக மூடுங்கள். பிறகு விளக்கைக் குறைத்து, டார்ச்சைத் தரையோடு சாய்த்து அடியுங்கள். கட்டில் காலடியிலும் தரை இடுக்கிலும் மினுங்குவதை ஒட்டும் டேப்பால் ஒற்றி எடுங்கள்.

மருத்துவக் கழிவுக்கான மஞ்சள் பையில் போடுவதுதான் பெரிய தவறு. அது எரியூட்டிக்குப் போகும். பாதரசம் முழுக்க ஆவியாகி ஊர்க் காற்றில் கலக்கும். சிங்க்கிலும் கொட்டாதீர்கள். பாட்டிலில் ‘பாதரசக் கழிவு’ என்று எழுதி, கழிவுப் பொறுப்பாளரிடம் கொடுங்கள். அந்தத் துடைப்பத்தையும் பையில் கட்டி அதோடு சேர்த்துவிடுங்கள்.

தெர்மாமீட்டரில் இருப்பது சுமார் 1 கிராம். பழைய பிபி கருவியில் 80 முதல் 100 கிராம் வரை இருக்கும்; அது உடைந்தால் அறையைக் காலி செய்து கதவைச் சாத்துங்கள். பயிற்சி பெற்றவர்களே எடுக்க வேண்டும்.