புடவையைப் பாராட்டுகிறார்கள், ஆனால் பழக்கம் ஆகவில்லை

அன்புள்ள ஆலோசகர் அவர்களுக்கு,

எனக்கு வயது முப்பத்தாறு. கணவருக்கு வேலை மாற்றலானதால் ஒன்றரை வருடம் முன்பு குடும்பத்தோடு ஒரு வெளிநாட்டு நகரத்துக்கு வந்தோம். நானும் இங்கே ஒரு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து வேலை பார்க்கும் இடம். யாரும் என்னிடம் மரியாதைக் குறைவாக நடந்துகொண்டதில்லை. ஆனாலும், 'இவள் என் சிநேகிதி' என்று சொல்லிக்கொள்ள இன்றுவரை ஒரு ஆள்கூட இல்லை.

எனக்குப் பிடித்தவை இரண்டு. ஒன்று கைத்தறிப் புடவை. பாட்டி விட்டுப்போன சில புடவைகள் என்னிடம் இருக்கின்றன, நானாக ஆசைப்பட்டு வாங்கியவையும் உண்டு. இன்னொன்று படம் வரைவது. மதிய இடைவேளையில் நோட்டில் பென்சிலால் எதையாவது வரைந்துகொண்டிருப்பேன். பெரும்பாலும் துணிதான்: மடிப்பு, கரை, பூவேலை என்று.

வாரத்தில் ஒரு நாளாவது புடவை கட்டிக்கொண்டு போகிறேன். இதைப் பார்த்து நாலு பேர் வந்து பேசுவார்கள், அப்படியே பழக்கமாகும் என்று ஆரம்பத்தில் ஒரு ஆசை இருந்தது. வந்து பேசுகிறார்கள்தான். "ரொம்ப அழகா இருக்கு", "என்ன கலர்!", "இன்னைக்கு ஏதாவது விசேஷமா?" என்பார்கள். "நன்றி, விசேஷம் ஒண்ணும் இல்லை, சும்மாதான்" என்பேன். அவ்வளவுதான், போய்விடுவார்கள். நான் வரைந்ததைப் பார்த்தாலும் இதே கதைதான். இணையத்தில் போட்டால் லைக் நிறைய விழுகிறது. பொருட்காட்சியில் வைத்த பொம்மையைப் பார்த்துவிட்டு நகர்கிற மாதிரிதான் எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள்.

சில நாள் கட்டிக்கொண்டு கிளம்பும்போதே கூச்சம் வந்துவிடுகிறது. ரயிலில் எல்லோருடைய கண்ணும் என்மேல்தான் என்று தோன்றும். 'மற்றவர்கள் பார்க்க வேண்டும் என்றுதானே கட்டுகிறாய்?' என்று என் மனமே என்னைக் கேட்கிறது. கணவரிடம் சொன்னால், "கஷ்டமா இருந்தா கட்டாதே, விடு" என்கிறார். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் கட்டாமல் போகிற நாட்களில் மனம் இன்னும் வெறிச்சென்று இருக்கிறது.

பக்கத்து மேஜையில் ஒரு ஜப்பானியப் பெண் இருக்கிறார். அதிகம் பேசாதவர். போன மாதம் அவராகவே வந்து, "ஒரு நாள் எனக்குப் புடவை கட்டிவிடுகிறீர்களா? நான் உங்களுக்கு யுகாட்டா உடுத்திவிடுகிறேன்" என்று கேட்டார். யுகாட்டா என்பது அவர்கள் கோடைக்காலத்தில் அணியும் பருத்தி உடை, கிமோனோவில் ஒரு வகை. "பார்க்கலாம்" என்றேன். அதற்கப்புறம் அந்தப் பேச்சை நான் எடுக்கவில்லை. பாட்டியின் புடவையை இன்னொருவர் உடுத்திப் பார்க்க மனம் வருமா தெரியவில்லை. அவருடைய உடையை நான் போட்டால் வேஷம் கட்டியதாகிவிடுமோ, அவர்கள் நாட்டு ஆட்கள் யாராவது தப்பாக நினைப்பார்களோ என்ற பயமும் இருக்கிறது.

வார இறுதியில் கூடுகிற ஒரு ஓவியக் குழுவுக்கும் கொஞ்ச நாள் போய்ப் பார்த்தேன். எல்லோரும் குனிந்து வரைந்தார்கள், முடிந்ததும் கிளம்பினார்கள். யாரோடும் ஒட்டவில்லை என்று நிறுத்திவிட்டேன்.

கலையும் உடையும் மனிதர்களைச் சேர்த்துவைக்கும் என்கிறார்களே. என் விஷயத்தில் மட்டும் ஏன் நடக்கவில்லை?

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புச் சகோதரி,

உங்கள் கேள்விக்குப் பாதி பதில் உங்கள் கடிதத்திலேயே, அந்த ஜப்பானியப் பெண் வருகிற இடத்தில் இருக்கிறது. அதற்கு அப்புறம் வருகிறேன். பாராட்டோடு பேச்சு ஏன் நின்றுபோகிறது என்பதை முதலில் பார்ப்போம்.

புடவை தெரிந்த பெண்கள் நடுவில் இதே புடவையோடு நின்றால் என்ன நடக்கும்? ஒருவர் உரிமையோடு முந்தானையை இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்துத் தேய்த்துப் பார்ப்பார். பின்பக்கம் திருப்பி, நூல் எப்படி ஓடியிருக்கிறது என்று பார்ப்பார். "கைத்தறியா, பவர்லூமா?" "யாரு எடுத்துக் கொடுத்தது?" என்று கேட்பார். பேச்சு தானாக ஓடும். அவர்களுக்கு அந்தத் துணியைப் படிக்கத் தெரியும்.

எல்லாப் பாரம்பரிய உடையும் இப்படித்தான். பாலஸ்தீனப் பெண்களின் பூத்தையலுக்குத் தத்ரீஸ் என்று பெயர். 2021இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்தது. கிராமத்துப் பெண்கள் அணியும் நீண்ட அங்கியில் இருக்கும் வடிவங்களையும் நிறங்களையும் வைத்தே அவர் எந்த வட்டாரம், கல்யாணம் ஆனவரா, வசதி எப்படி என்பதைத் தெரிந்துகொள்ள முடியும். கிழக்கு ஆப்பிரிக்கக் கடற்கரையில் பெண்கள் கட்டும் காங்கா துணியில் ஸ்வாஹிலி மொழியில் ஒரு வாசகமே அச்சிட்டிருக்கும். நேரில் சொல்லத் தயங்குவதை, பொருத்தமான வாசகம் உள்ள காங்காவைப் பரிசாகக் கொடுத்துச் சொல்வதும் அங்கே உண்டு. ஆனால் ஸ்வாஹிலி தெரியாத நீங்களும் நானும் காங்காவைப் பார்த்தால் என்ன சொல்வோம்? "அழகா இருக்கு" என்றுதான் சொல்வோம்.

உங்கள் அலுவலகத்தில் நடப்பதும் அதுவே. அவர்கள் உங்களை ஒதுக்கவில்லை. கையில் இருக்கிற ஒரே வார்த்தையைச் சொல்லிவிட்டு, அடுத்து என்ன கேட்பது என்று தெரியாமல் நகர்கிறார்கள். அந்த இடத்தில் துணியைப் படித்துக் காட்ட வேண்டியவர் நீங்கள்தான். "விசேஷமா?" என்ற கேள்வியை நீங்கள் வெறும் உபசாரம் என்று எடுத்துக்கொள்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எனக்கு அது நிஜமான கேள்வியாகத்தான் தெரிகிறது. இந்த மாதிரி உடையை எப்போது உடுத்துவார்கள் என்று அவருக்குத் தெரியாது, கேட்கிறார். "சும்மாதான்" என்று நீங்கள் சொன்னதும் அவருக்கு வழி அடைபட்டுவிடுகிறது.

அடுத்த முறை ஒரே ஒரு விஷயம் கூடுதலாகச் சொல்லிப் பாருங்கள். பாட்டியின் பழைய புடவைகளில் எங்காவது கிழிசலுக்கு இழை ஓட்டியிருப்பார்கள், கொசுவத்துக்குள் மறைகிற இடத்திலோ கீழ்க்கரை ஓரத்திலோ. அது இருந்தால் அதையே காட்டுங்கள். "இது என் பாட்டி கட்டினது. இந்த இடம் கிழிஞ்சதும் அவங்களே உட்கார்ந்து தைச்சாங்க." அழகான துணியைத் தள்ளி நின்று பார்ப்பார்கள், தைத்த இடத்தைக் குனிந்து கிட்டத்தில் வந்து பார்ப்பார்கள். கையோடு திருப்பிக் கேளுங்கள்: "உங்க வீட்டில் இப்படிப் பெரியவங்க விட்டுப்போன துணி ஏதாவது இருக்கா?" இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் எல்லோரிடமும் பதில் இருக்கும். ஒரு கம்பளிச் சட்டையாகவோ, கைக்குட்டையாகவோ, மேஜை விரிப்பாகவோகூட இருக்கலாம்.

ஒரு வயதை நெருங்கும் குழந்தை எதையாவது விரல் நீட்டிக் காட்டிவிட்டு, உடனே அம்மாவின் முகத்தைத் திரும்பிப் பார்ப்பதைக் கவனித்திருப்பீர்கள். நீயும் பார்த்தாயா என்று கேட்கிறது அது. வளர்ச்சி உளவியலில் இதை இணைந்த கவனம் என்கிறோம். இரண்டு பேர் சேர்ந்து மூன்றாவதாக ஒன்றைப் பார்ப்பது, மனிதர்கள் நெருங்குவதற்கான மிகப் பழைய வழிகளில் ஒன்று. பெரியவர்களுக்கும் அதுவே சுலபம். நேருக்கு நேர் உட்கார்ந்து 'நாம் நட்பாகலாம்' என்று பேச யாருக்கும் வராது. இப்போது உங்கள் அலுவலகத்தில் பார்க்கப்படுகிற இடத்தில் நீங்களே நிற்கிறீர்கள், அதனால்தான் பொம்மை ஆகிவிட்ட நினைப்பு. பார்க்கிற பொருளை நடுவில் வைத்துவிட்டு, நீங்கள் அவர் பக்கம் வந்து நின்றுகொள்ள வேண்டும்.

இதற்கு உங்கள் பென்சில் ரொம்ப உதவும். உங்களுக்கு வரைய வருவதோ துணி. யாராவது ஒருவரிடம், "உங்க வீட்டுத் துணி ஒண்ணைக் கொண்டு வாங்க, நான் வரைஞ்சு தரேன்" என்று சொல்லுங்கள். மதிய இடைவேளையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, நீங்கள் வரையுங்கள். "இந்தப் பூ எதுக்கு இப்படிக் கவிழ்ந்திருக்கு?" "இதை யார் போட்டுக்குவாங்க?" என்று கேட்டுக்கொண்டே வரையலாம். கண் தாளில் இருப்பதால் பேச்சு நடுவில் நின்றாலும் சங்கடம் இல்லை. பேசுகிறவர்களும் யாரும் தம் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்காதபோது இன்னும் தாராளமாகப் பேசுவார்கள். இதில் கதை சொல்கிறவர் அவர், கேட்கிறவர் நீங்கள். உங்கள் கடிதத்தில் மற்றவர்கள் உங்களை அறிந்துகொள்ளவில்லை என்ற வருத்தம் நிறைய இருக்கிறது. அது நியாயமான வருத்தம். ஆனால் உங்களோடு வேலை பார்ப்பவர்களைப் பற்றி அந்த ஜப்பானியப் பெண்ணைத் தவிர ஒரு வரிகூடக் கடிதத்தில் இல்லை. அங்கிருந்து ஆரம்பிக்கலாம் என்று எனக்குப் படுகிறது. வரைந்து முடித்தால் தாளைக் கிழித்து அவரிடமே கொடுத்துவிடுங்கள், இணையத்தில் போட வேண்டாம்.

ஓவியக் குழுவை நீங்கள் சீக்கிரமே விட்டுவிட்டீர்கள். 2015இல் இங்கிலாந்தில் ஒரு ஆய்வு வந்தது. பாட்டு, கைவேலை, எழுத்து என்று வெவ்வேறு வகுப்பில் சேர்ந்த பெரியவர்களை ஏழு மாதம் கவனித்தார்கள். சேர்ந்து பாடியவர்கள் சட்டென்று நெருங்கினார்கள். கைவேலைக்காரர்களுக்கும் எழுத்துக்காரர்களுக்கும் மெதுவாகத்தான் நெருக்கம் வந்தது, ஆனால் ஏழு மாத முடிவில் எல்லாக் குழுக்களும் ஒரே அளவுக்கு வந்துவிட்டன. குனிந்து செய்கிற வேலையில் பழக்கம் பிடிக்க நாளாகும், அதற்காக அது உங்களுக்கு ஒத்துவராது என்று ஆகாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். எரிகா பூத்பி என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 2018இல் வெளியிட்ட ஆய்வில், முதல்முறை சந்தித்துப் பேசியவர்கள், எதிராளிக்குத் தங்களை எவ்வளவு பிடித்தது என்பதைக் குறைவாகவே கணித்தார்கள் என்று தெரிந்தது. 'ஒட்டவில்லை' என்று நீங்கள் முடிவு கட்டிய இடத்தில் உங்களை யாரோ ஒருவருக்குப் பிடித்திருக்கக்கூடும். மறுபடி போய்ப் பாருங்கள்.

ரயிலில் வருகிற கூச்சத்துக்கு வருகிறேன். கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கிலோவிச்சும் சகாக்களும் 2000இல் வெளியிட்ட ஒரு பரிசோதனை இதற்கு அப்படியே பொருந்தும். ஒரு பாடகரின் படம் போட்ட, போடக் கூச்சப்படுகிற மாதிரியான டி-சர்ட்டை மாணவர்களுக்கு மாட்டிவிட்டு, ஆட்கள் உட்கார்ந்திருந்த அறைக்குள் அனுப்பினார்கள். அறையில் ஏறக்குறைய பாதிப் பேர் அதைக் கவனித்திருப்பார்கள் என்று போட்டவர்கள் நினைத்தார்கள். உண்மையில் கவனித்தவர்கள் சுமார் கால்வாசிப் பேர். புடவை அதைவிடக் கண்ணில் படும், மறுக்கவில்லை. ஆனால் படுகிற கண்ணெல்லாம் உங்களை எடைபோடுவதில்லை.

மற்றவர் பார்க்கத்தானே கட்டுகிறாய் என்று கேட்கும் மனதிடம், கொஞ்சம் அதற்கும்தான் என்று தைரியமாகச் சொல்லுங்கள். உடை என்பது நம்மைக் கூட்டத்தோடு சேர்க்கவும் வேண்டும், தனித்துக் காட்டவும் வேண்டும் என்று ஜெர்மானியச் சமூகவியலாளர் ஸிம்மல் நூறு வருடத்துக்கும் முன்பே எழுதிவிட்டார். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. கட்டாத நாளில் வெறிச்சென்று இருக்கிறது என்கிறீர்களே, அப்போது அது உங்களுக்காகவும்தான் இருக்கிறது. கட்டுங்கள்.

ஒரு எச்சரிக்கை மட்டும். இந்த வெறுமை இரண்டு வாரத்துக்கு மேல் நாள் முழுவதும் விடாமல் இருந்தாலோ, தூக்கமும் பசியும் கெட்டாலோ, வரையவே பிடிக்காமல் போனாலோ, தனிமைதான் காரணம் என்று விட்டுவிடாமல் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். கணவரிடமும் அதை அப்படியே சொல்லுங்கள்.

இனி அந்த யுகாட்டா. அதிகம் பேசாத ஒரு பெண், தானாக எழுந்து வந்து, உங்களுக்கு நான் உடுத்திவிடுகிறேன், எனக்கு நீங்கள் கட்டிவிடுங்கள் என்று கேட்டிருக்கிறார். நீங்கள் ஒன்றரை வருடமாக எதிர்பார்த்தது இதைத்தான். அவர் பாராட்டிவிட்டு நகரவில்லை, உள்ளே வரட்டுமா என்று கேட்டிருக்கிறார். அவ்வளவு தூரம் வந்து கேட்க அவருக்கும் தைரியம் தேவைப்பட்டிருக்கும்.

வேஷமாகிவிடுமோ என்ற உங்கள் பயத்தை நான் மதிக்கிறேன். அடுத்தவர் உடையை விளையாட்டுப் பொருளாக்குவது நிஜமாகவே புண்படுத்தும். ஆனால் உடைக்குச் சொந்தக்காரரே கூப்பிட்டு, அவர் கையாலேயே உடுத்திவிடுவது வேறு விஷயம். அவரிடம் கேட்டுக் கேட்டு உடுத்துங்கள். கிமோனோ வகை உடையில் இடப்பக்கம் வலப்பக்கத்தின் மேலே வர வேண்டும், வலது மேலே வந்தால் அது இறந்தவருக்கு உடுத்தும் முறை. யுகாட்டாவுக்கும் அப்படித்தான். இது மாதிரி விஷயங்களை அவர் சொல்லச் சொல்லத் தெரிந்துகொள்வதில்தான் மரியாதை இருக்கிறது. வெளியே போட்டுக்கொண்டு போகலாமா, படம் எடுக்கலாமா என்பதையும் அவரிடமே கேளுங்கள்.

பாட்டியின் புடவையைக் கொடுக்க மனம் இல்லையென்றால் கொடுக்க வேண்டாம், அதில் தவறே இல்லை. எடுத்துக் காட்டினாலே போதும். கட்டிவிடுவதற்கு நீங்கள் வாங்கியதில் மெத்தென்ற பருத்திப் புடவை ஒன்றை எடுத்து வையுங்கள். பட்டு வழுக்கும், முதல்முறை கட்டுகிறவருக்குச் சிரமம். கொசுவத்தை நீங்களே மடித்துச் செருகிவிடாமல், அவர் விரலில் மடிக்கச் சொல்லுங்கள். கலையும், மறுபடி மடிக்க வேண்டியிருக்கும், இரண்டு பேரும் பக்கத்தில் நின்று பின்னைத் தேடிக்கொண்டிருப்பீர்கள். நேரம் ஆகட்டும்.

போன மாதம் கேட்டதை இப்போது போய் எப்படிச் சொல்வது என்று தயங்காதீர்கள். "அன்னைக்குக் கேட்டீங்களே, இந்த வாரக் கடைசியில் வீட்டுக்கு வரீங்களா?" என்று கேட்டால் போதும். அவர் உயரத்துக்கு ஒரு உள்பாவாடை வேண்டும், அதைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். ரவிக்கைக்குப் பதில் உடம்போடு ஒட்டிய ஒரு டி-சர்ட் அவரிடமே இருக்கும்.